களியக்காவிளையிலிருந்து வெள்ளயம்பலம் வரை: சுவர் பார்க்கப் பழகுகிறவர்களுக்கு

நம் பக்கத்து ஆட்கள் திருவனந்தபுரத்துக்கு மருத்துவமனைக்குப் போவார்கள், வேலைக்குப் போவார்கள், விமானம் ஏறப் போவார்கள். சுவர் பார்க்க யாரும் போவதில்லை. தம்பானூரில் பஸ் இறக்கிவிடும், காரியம் முடியும், அடுத்த நாகர்கோவில் பஸ்ஸில் இடம் பிடித்துவிடுவோம். தெருக்கலை, கிராஃபிட்டி என்றெல்லாம் சொன்னால் அது பெர்லின், லண்டன் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடுகிறோம். போகிற வழியெல்லாம் அதுதான் இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது.

மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை, பாறசாலை வட்டாரத்தில் இருந்துகொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழித்து இதைப் பழகிக்கொள்ள நினைக்கிற புதியவருக்கு இது எழுதப்பட்டது. ஓவியம் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை. மலையாளம் வாசிக்கத் தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டாலும் தடையில்லை.

முதலில் சுவர் யாருடையது என்று பாருங்கள்

படம் அழகாக இருக்கிறதா என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிடுங்கள். இந்தச் சுவர் யாருடையது, அதில் வரைய யார் விட்டார்கள், கூலி யார் கொடுத்தார்கள் என்பதுதான் முதல் கேள்வி. பதில் கிடைத்துவிட்டால் பாதிப் படம் புரிந்துவிடும்.

நம் ஊரிலிருந்து அந்த நகரம் வரை கண்ணில் படுகிற சுவர்களை நான்காகப் பிரிக்கலாம். அரசு அலுவலகம், கல்லூரி, ரயில் நிலையம் ஆகியவற்றின் மதிலில் அரசுச் செலவில் வரையப்பட்டவை ஒரு வகை. கீழ் மூலையில் துறையின் சின்னமோ ஓவியரின் பெயரோ இருக்கும். சிமெண்ட், பெயிண்ட், நகைக்கடை, துணிக்கடை விளம்பரங்கள் இன்னொரு வகை. இவற்றுக்குப் பெரும்பாலும் வீட்டுக்காரருக்குச் சுவர் முழுக்க இலவசமாக வெள்ளையடித்துத் தருவதுதான் வாடகை. மூன்றாவது, கட்சிச் சுவர். நான்காவது, யாரையும் கேட்காமல் இரவோடு இரவாக வந்த எழுத்தும் படமும். மேல்நாட்டுக்காரர்கள் கிராஃபிட்டி என்று சொல்வது கறாராகப் பார்த்தால் இந்த நான்காவது வகையை மட்டும்தான்.

புதியவர்கள் எல்லோரும் முதல் வகையில் தொடங்குகிறார்கள். செல்ஃபிக்கு அது தோது. நான் மூன்றாவதிலிருந்து தொடங்கச் சொல்வேன். நம் மண்ணில் அதிகக் கை பழகிய, அதிக ஆண்டு ஓடிய தெருக்கலை கட்சிச் சுவரெழுத்துதான். அதைக் கலை என்று சொல்ல நமக்குக் கூச்சமாக இருக்கிறது, அவ்வளவே.

கட்சிச் சுவரை வாசிப்பது

எல்லையில் வசிப்பதன் லாபம் இங்கே தெரியும். 2011, 2016, 2021 ஆகிய மூன்று சட்டமன்றத் தேர்தல்களிலும் தமிழ்நாடும் கேரளமும் ஒரே நாளில் வாக்களித்தன. களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் உதயசூரியனும் இரட்டை இலையும் ஏறிக்கொண்டிருந்த அதே வாரத்தில், அந்தப் பக்கம் அரிவாள் சுத்தியல் நட்சத்திரமும் கையும் ஏறிக்கொண்டிருந்தன. குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்றுதான் திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்ததால், தேசியக் கட்சிகளும் இடதுசாரிகளும் இந்தப் பக்கச் சுவர்களிலும் தாராளமாக இடம் பிடிப்பார்கள். அரைமணி நேரப் பஸ் பயணத்தில் இரண்டு மாநிலத்து எழுத்துக் கைகளை ஒப்பிட்டுப் பார்க்கிற வசதி சென்னைக்காரருக்குக் கிடையாது.

சின்னங்களைக் கொஞ்சம் கவனித்துப் பழகுங்கள். அரிவாளோடு சுத்தியலும் நட்சத்திரமும் இருந்தால் மார்க்சிஸ்ட் கட்சி, அரிவாளோடு நெற்கதிர் இருந்தால் இந்திய கம்யூனிஸ்ட் கட்சி. ஏணி என்றால் முஸ்லிம் லீக். இதை வைத்துக்கொண்டு, மலையாளம் ஓர் எழுத்துகூடத் தெரியாதவரும் எந்தச் சுவர் யாருடையது என்று பஸ் ஜன்னலிலிருந்தே சொல்லிவிடலாம். மலையாள எழுத்து கிரந்தத்தின் வழி வந்தது. ஒரு வாரம் சுவர்களைப் பார்த்தாலே சில எழுத்துகள் பிடிபடத் தொடங்கும். வேட்பாளர் பெயரை நாளிதழில் தமிழில் படித்துவிட்டு, சுவரில் அதே பெயரை மலையாளத்தில் தேடிப் பாருங்கள். அரிச்சுவடி வாங்கிப் படிப்பதைவிட வேகமாக ஏறும்.

கேரளத்தில் ஒரு வெற்றுச் சுவர் உண்மையில் வெற்றுச் சுவராக இருப்பதில்லை. தேர்தலுக்கு மாதக்கணக்கில் முன்பே சுண்ணாம்பு அடித்து, ஓரத்தில் கட்சியின் சுருக்கப் பெயரையும் ஆண்டையும் எழுதி, பக்கத்தில் ‘புக்டு’ என்று போட்டுவிடுவார்கள். எதிர்க்கட்சிக்காரர் அதில் கை வைக்க மாட்டார். வைத்தால் கைகலப்புதான். அந்த வெள்ளைச் சுவர்களையும் எண்ணிக்கொண்டு போங்கள். எந்தத் தெருவில் யாருக்கு ஆள் பலம் இருக்கிறது என்பது படம் வருவதற்கு முன்பே அங்கே எழுதியிருக்கும்.

சட்டத்தையும் ஒரு வரி தெரிந்துகொள்வது நல்லது. தேர்தல் ஆணைய விதிப்படி அரசுக் கட்டடச் சுவரில் எழுதவே கூடாது. தனியார் சுவரில் வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும், உள்ளூர்ச் சட்டமும் இடம் தர வேண்டும். தமிழ்நாட்டில் பொது இடங்களின் தோற்றம் கெடுவதைத் தடுக்க 1959ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. சட்டம் இருக்கிறது, சுவரும் இருக்கிறது, மீதியை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது ஒரு சுவருக்கு முன்னால் போய் நில்லுங்கள். இரண்டடி தூரத்தில் நின்றால் போதும். எழுத்தின் தலைக்கும் காலுக்கும் நேராக மங்கலான நீலக் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். நூலை நீலத்தில் தோய்த்து, இருபுறமும் இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டிவிட்டுப் போட்ட கோடு அது. நல்ல கைக்காரர் அதைப் பிறகு அழிக்க மெனக்கெடுவதில்லை. அடுத்து எழுத்தின் விளிம்பு. தட்டைத் தூரிகையைச் சாய்த்து ஒரே இழுப்பில் இழுத்திருந்தால் வளைவு தடித்து, முனையில் வாள் போல மெலியும். தயங்கித் தயங்கி இழுத்திருந்தால் வளைவின் நடுவே ஒரு முட்டு தெரியும். மலையாள எழுத்து முழுக்க வளைவுகளால் ஆனது என்பதால் இந்த முட்டை மறைக்கவே முடியாது. தமிழில் நேர்க்கோடுகள் கை கொடுக்கும். அங்கே திறமை தெரிவது ‘ழ’வின் காலிலும் ‘இ’யின் சுழியிலும்தான்.

பிறகு நிறம். பெரிய எழுத்துகளுக்கு அடியில் சிவப்பும் மேலே மஞ்சளுமாக, இரண்டும் ஈரமாக இருக்கும்போதே நடுவில் குழைத்து விடுவார்கள். சேரும் இடத்தில் பட்டைக் கோடு விழாமல் ஆரஞ்சாகக் கரைந்திருந்தால் எழுதியவர் கைதேர்ந்தவர். வலப்பக்கக் கீழ் விளிம்பில் கறுப்பு நிழல், இடப்பக்க மேல் விளிம்பில் ஒரு வெள்ளைக் கீற்று. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு பெயரின் எல்லா எழுத்திலும் ஒரே மாதிரி வைத்திருக்கிறாரா என்று சரிபாருங்கள். அவசரத்தில் எழுதிய இடங்களில் ஐந்தாவது ஆறாவது எழுத்துக்கு நிழல் பக்கம் மாறியிருக்கும்.

கடைசியாக, பெயர்ந்த இடத்தைப் பாருங்கள். சுண்ணாம்பு உரிந்த ஓட்டையில் முந்தைய தேர்தலின் எழுத்து எட்டிப் பார்க்கும். அதற்கும் கீழே அதற்கு முந்தையது. சில மதில்களில் மூன்று வேட்பாளர்கள் ஒரே இடத்தில் அரைகுறையாகத் தெரிவார்கள். எந்தக் கலைக்கூடத்திலும் இதை வைக்க முடியாது.

ஃபிளெக்ஸ் வந்தபோது இந்தத் தொழில் ஏறக்குறைய படுத்துவிட்டது. அச்சடித்த பேனரை ஒரு மணி நேரத்தில் கட்டிவிடலாம் என்றால் மூன்று நாள் கூலி யார் கொடுப்பார்கள்? 2019 மார்ச்சில், மக்களவைத் தேர்தல் நேரத்தில், மக்காத ஃபிளெக்ஸ் பேனர்களுக்குக் கேரள உயர் நீதிமன்றம் தடை போட்டது. அதே ஆண்டில் மாநில அரசும் பி.வி.சி. ஃபிளெக்ஸைத் தடை செய்தது. துணிப் பேனர் அந்த இடத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டாலும், தூரிகைக்காரர்களைத் திரும்பக் கூப்பிட வேண்டிய நிலை வந்தது. கேரளத்துச் சுவரெழுத்து இன்னும் உயிரோடு இருப்பதற்கு ரசனை மட்டும் காரணமல்ல என்பதை நினைவில் வையுங்கள்.

அரசுச் சுவர்களின் மஞ்சளும் காவியும்

கேரளத்தில் எந்த ரயில் நிலையத்தில் இறங்கினாலும், எந்தப் பெரிய அரசு மதிலைக் கடந்தாலும், மீன் போல நீண்ட கண்களும் அடுக்கடுக்கான கிரீடமுமாக ஒரு கிருஷ்ணனோ கதகளி முகமோ உங்களைப் பார்க்கும். எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே என்று அலுப்புத் தட்டும். அந்த ஒரே மாதிரித் தன்மைக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

கேரளக் கோயில்களிலும் அரண்மனைகளிலும் சுவரோவியத்துக்குக் காவிமஞ்சள், காவிச்சிவப்பு, பச்சை, வெள்ளை, கறுப்பு என ஐந்து நிறங்களே அடிப்படை. சுண்ணாம்புச் சாந்து பூசிய சுவரில், இளநீர் கலந்த சுண்ணாம்பைப் பல தடவை அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு வண்ணம் ஏற்றுவார்கள். பத்மநாபபுரம் அரண்மனையின் மேல்தளத்தில் இப்படிப்பட்ட ஓவியங்கள் இருக்கின்றன. தக்கலை பக்கத்து ஆட்களுக்கு அது வாசலில் இருக்கிறது, ஆனால் அந்தத் தளத்துக்குப் பொதுவாகப் பார்வையாளர்களை விடுவதில்லை. கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனையின் ராமாயண ஓவியங்களை நேரில் பார்க்கலாம்.

1970இல் குருவாயூர் கோயிலில் ஏற்பட்ட தீவிபத்தில் பழைய ஓவியங்கள் பெருமளவு போயின. அவற்றைத் திரும்ப வரைய ஆள் தேடியபோதுதான், மரபு தெரிந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவே மிச்சம் என்பது உறைத்தது. 1989இல் குருவாயூர் தேவஸ்வம் சுவரோவியப் பயிற்சிக்கென்றே ஒரு நிறுவனத்தைத் தொடங்கியது. அங்கே பயின்றவர்களும் அவர்களிடம் பயின்றவர்களுமாகக் கை பெருகியது. கோயிலுக்குள் இருந்தது தெரு மதிலுக்கும் ஹோட்டல் வரவேற்பறைக்கும் புடவைக்கும் வந்து சேர்ந்தது. தெருவில் இருப்பது பெரும்பாலும் அக்ரிலிக்தான். இளநீர்க் கணக்கெல்லாம் அங்கே இல்லை. அதனால் தெரு மதிலில் இந்தப் பாணியைப் பார்க்கும்போது நிறத்தைவிடக் கோட்டைக் கவனியுங்கள். கண்ணின் மேலிமைக் கோடு ஒரே இழுப்பில் காதுப் பக்கம் வரை போகிறதா, நடுவில் ஒட்டுப் போட்டிருக்கிறதா என்பதில் பயிற்சி பெற்றவரும் பார்த்து வரைந்தவரும் பிரிந்துவிடுவார்கள்.

திருவனந்தபுரத்தில் மாவட்டச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் முன்னெடுத்த ‘ஆர்ட்டீரியா’ திட்டம் இந்த அலுப்பை உடைத்தது. பாளையம், மியூசியம் பக்கத்து அரசு மதில்களில் பெயர்பெற்ற ஓவியர்களும் இளையவர்களும் அவரவர் பாணியில் வரைந்தார்கள். நவீன ஓவியத்தைக் கலைக்கூடத்துக்குள் போகக் கூச்சப்படுகிறவரும் நடைபாதையில் நின்று பார்க்கலாம் என்பது அதன் நல்ல பக்கம். மதிலை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதில்தான் வித்தியாசம். கான்வாஸில் வரைய வேண்டியதை அப்படியே பெரிதாக்கி மதிலில் ஒட்டிய மாதிரி சில இருக்கும். மதிலின் விரிசல், வாசல், மரத்தின் நிழல் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு வரைந்தவை சில. இரண்டாவது வகைக்கு முன் அதிக நேரம் நில்லுங்கள்.

மாடிக் கட்டடம் முழுக்க ஏறிய பெரிய ஓவியங்களை எங்கேனும் பார்த்தால், சென்னை கண்ணகி நகரில் 2020 முதல் வரைந்தவை போல, எப்படி அளவு பிடித்தார்கள் என்று யோசியுங்கள். கட்டம் போட்டு வரைவது பழைய வழி. இப்போது பலர் சுவர் முழுக்க எழுத்து, சுழி, அம்புக்குறி என்று கண்டபடி கிறுக்கிவிட்டு அதைச் செல்பேசியில் படம் எடுக்கிறார்கள். அந்தப் படத்தின் மேல் தங்கள் வரைபடத்தை மெல்லியதாகப் பொருத்திக்கொள்கிறார்கள். மூக்கு நுனி எந்தக் கிறுக்கலுக்குப் பக்கத்தில் வருகிறது என்று பார்த்துப் பார்த்துக் கோடு இழுக்கிறார்கள். வண்ணம் மெலிதாக விழுந்த மூலைகளில் அந்தக் கிறுக்கல்கள் இன்னும் தெரியும். தேடிப் பாருங்கள், குழந்தைகளைக் கூட்டிப்போயிருந்தால் அவர்கள்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள்.

கேட்காமல் வந்தவை

பெயரை மட்டும் ஊர் முழுக்க எழுதுகிற பழக்கம் 1960களின் இறுதியில் பிலடெல்பியாவில் கிளம்பி நியூயார்க்கில் பரவியது. தூது கொண்டுபோகும் வேலையில் இருந்த ஓர் இளைஞர், தன் செல்லப் பெயரோடு தெரு எண்ணைச் சேர்த்து ‘டாக்கி 183’ என்று போகிற இடமெல்லாம் எழுதிவைத்தார். 1971இல் நியூயார்க் டைம்ஸ் அவரைப் பற்றி எழுதிய பிறகு அது தொற்றுநோயாகிவிட்டது. சுருக்கக் கையெழுத்துக்கு ‘டேக்’ என்று பெயர். வாசிக்க முடியாதபடி இருப்பதே அதன் இலக்கணம். எழுதியவரின் கூட்டாளிக்கு மட்டும் புரிந்தால் போதும்.

நம் பக்கம் டேக் குறைவு. ஸ்டென்சில் எனும் வெட்டு அச்சுப்படம் அதிகம். அட்டையிலோ பிளாஸ்டிக் தாளிலோ உருவத்தை வெட்டி, சுவரில் வைத்து, ஸ்பிரே அடித்துவிட்டு ஓடுவது. இரண்டு நிமிட வேலை என்பதால் பிடிபடாமல் தப்பிக்க வசதி. அடையாளம் காண்பது எளிது: உருவத்துக்குள் தீவு போல நிற்கும் பகுதிகளைப் பிடித்துக்கொள்ள ஆங்காங்கே பாலம் விட்டு வெட்டியிருப்பார்கள். அந்த இடைவெளிகள் படத்தில் வெள்ளைக் கீற்றுகளாகத் தெரியும். விளிம்பு கத்தி வெட்டியது போலிருந்தால் அட்டை சுவரோடு ஒட்டியிருந்தது. புகை போல மங்கினால் அட்டை தூக்கியிருந்தது. இன்னொரு வழி மைதாப் பசை. வீட்டிலேயே தாளில் வரைந்து கொண்டுவந்து ஒட்டிவிட்டுப் போவது. சினிமா போஸ்டர் ஒட்டுகிறவர்களின் பசையும் வாளியும்தான் இங்கேயும்.

இந்த வகையில் ஒருவரைத் தேடிப் போக வேண்டும் என்றால் கொச்சிக்குத்தான் போக வேண்டும். 2012 டிசம்பர் 12 அன்று கொச்சி–முசிறி பைனாலே என்ற சர்வதேசக் கலைக்காட்சி தொடங்கிய பிறகு ஃபோர்ட் கொச்சியின் மதில்களுக்கு மவுசு வந்தது. ‘கெஸ் ஹூ’ என்ற பெயரில், முகம் காட்டாத ஓவியர் அங்கே வரையத் தொடங்கினார். உலகம் அறிந்த மேல்நாட்டு முகங்களைக் கொண்டுவந்து கேரளத்துத் தெரு வாழ்க்கைக்குள் நிறுத்திவிடுவது அவர் பாணி. உள்ளே டிக்கெட் வாங்கிப் பார்க்கிற கலையை, வெளிச் சுவரில் இருந்தபடி அவை கொஞ்சம் சீண்டும். எர்ணாகுளத்திலிருந்து படகிலோ வாட்டர் மெட்ரோவிலோ போய் இறங்கி, கால்வத்தி சாலை வழியாக மட்டாஞ்சேரியின் பஜார் சாலை வரை நடந்தால், மிளகும் இஞ்சியும் அடைத்த பழைய கிடங்குகளின் சுவர்களில் இத்தகையவற்றின் மிச்சங்கள் தட்டுப்படும். உப்புக்காற்று அங்கே வண்ணத்தைச் சீக்கிரம் தின்றுவிடும். படம் எடுத்தவர்கள் சொன்ன இடத்தில் படம் இல்லாமலும் போகலாம். வழி கேட்கத் தமிழ் போதும். ‘வெளி’ என்ற பகுதியின் சலவைத் துறையில் தலைமுறைகளாகத் துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பங்கள் இருக்கிற ஊர் அது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சிதறால் மலையில் சமணச் சிற்பங்களின் அடியில் செய்வித்தவர்களின் பெயர்கள் வட்டெழுத்தில் இருக்கின்றன. பக்கத்துப் பாறையில் சாவியால் காதலி பெயரைக் கீறிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். கேட்காமல் எழுதுவதெல்லாம் கலகம், கலகமெல்லாம் கலை என்ற கணக்கு அங்கே செல்லாது. பூசி அழிக்கக்கூடிய மதிலில் எழுதுவது வேறு, திரும்பக் கிடைக்காத பாறையைக் கீறுவது வேறு. பின்னதைப் படம் எடுத்துப் பரப்பவும் வேண்டாம்.

ஓடிப்போன சுவர்கள்

சக்கரம் வைத்த கிராஃபிட்டியும் கேரளத்தில் இருந்தது. டூரிஸ்ட் பஸ்களின் பக்கவாட்டு முழுக்கச் சிங்கம், சிறகு, சினிமா முகம், ஒளிரும் எழுத்து என்று வரைந்து தள்ளியிருந்தார்கள். கல்யாணக் கூட்டத்தோடு நம் ஊர் மண்டபங்களுக்கு அவை வந்து நின்றால் சிறுவர்கள் மாப்பிள்ளையை விட்டுவிட்டு பஸ்ஸைச் சுற்றுவார்கள். 2022 அக்டோபர் 5 இரவு, பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரி அருகே பள்ளி மாணவர்களை ஏற்றிச் சென்ற டூரிஸ்ட் பஸ் ஓர் அரசு பஸ்ஸின் பின்னால் மோதியதில் ஒன்பது பேர் இறந்தனர். அதன் பிறகு, இத்தகைய பஸ்களுக்கு வெள்ளை நிறம் என்ற விதியைக் கறாராக நடைமுறைப்படுத்தினார்கள். விபத்துக்கு வேகம் காரணமா வண்ணம் காரணமா என்று பஸ்காரர்கள் கேட்டார்கள். கேள்வி நியாயம்தான், இருந்தாலும் சாலையில் பிறர் கண்ணைப் பறிக்கிற விளக்குகளுக்காக என்னால் வக்காலத்து வாங்க முடியவில்லை.

கடற்கரைப் பக்கம் போனால் கால்பந்து. எல்லையை ஒட்டிய பொழியூர், சந்தோஷ் டிராபி ஆட்டக்காரர்களைத் தந்த ஊர். உலகக் கோப்பை ஆண்டுகளில் இத்தகைய கேரளக் கரையோர ஊர்களின் மதில்கள் அர்ஜென்டினாவின் வெளிர்நீலத்துக்கும் பிரேசிலின் மஞ்சளுக்கும் பங்கு பிரிந்துவிடும். இதற்குக் கூலியும் கிடையாது, அரசுச் சின்னமும் கிடையாது. வாலிபர்கள் பணம் பிரித்து வாங்கிய பெயிண்ட் டப்பாக்கள்.

ஒரு நாள் நடை

வெயில் ஏறுவதற்கு முன் தம்பானூரில் இறங்கிவிட வேண்டும். ஞாயிறு நல்லது, போக்குவரத்து குறைவு, கடைகளின் ஷட்டர் மூடியிருப்பதால் ஷட்டரில் எழுதியிருப்பவையும் தெரியும். ஜூன் முதல் ஆகஸ்டு வரை மழை, துலா மாதத்தில், அதாவது ஐப்பசியில், மறுபடியும் மழை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நடக்கத் தோதான காலம். ஆனால் மழை விட்ட மறுநாள் ஒரு தடவை போய்ப் பாருங்கள். நனைந்த சுவரில் மங்கிய நிறம் திரும்பக் கிளம்பும், பாசி படர்ந்த இடங்களில் ஓவியத்துக்கு ஓவியர் கொடுக்காத ஒரு பச்சை சேர்ந்திருக்கும்.

முதலில் ஈஸ்ட் ஃபோர்ட் எனும் கிழக்கேகோட்டைக்குப் போய், ‘சாலை’ என்ற பெயருள்ள கடைத்தெருவுக்குள் நுழையுங்கள். தமிழ் வியாபாரிகள் காலங்காலமாகக் கடை போட்ட தெரு. கையால் எழுதிய பழைய பெயர்ப்பலகைகளைத் தேடுங்கள். தமிழ்ப் பலகையில் ‘லை’, ‘னை’ போன்ற எழுத்துகள் துதிக்கை வைத்த பழைய வடிவில் இருந்தால், அது 1978 எழுத்துச் சீர்திருத்த ஆணைக்கு முந்தைய பலகை, அல்லது அந்தக் காலத்தில் கை பழகியவர் எழுதியது. மலையாளத்துக்கும் இப்படி ஒரு சீர்திருத்தம் 1971இல் வந்தது. பழைய கூட்டெழுத்துகள் பலகைகளில் தப்பிப் பிழைத்திருக்கும்.

அங்கிருந்து எம்.ஜி. ரோடு வழியாக வடக்கே நடந்தால் தலைமைச் செயலகம். மதிலைவிட அதன் முன்னால் நடைபாதையில் இருக்கிற சமரப் பந்தல்களை, அதாவது போராட்டப் பந்தல்களைப் பாருங்கள். எப்போதும் யாராவது ஒருவர் அங்கே உட்கார்ந்திருப்பார். அவசரமாகக் கையால் எழுதிய துணிப் பேனர்களும் தட்டிகளும் இருக்கும். தொழில்முறை எழுத்துக்கும் கோபத்தில் எழுதிய எழுத்துக்கும் உள்ள தூரம் அங்கே தெரியும். வேடிக்கை பார்க்கிற தோரணையில் படம் எடுக்க வேண்டாம். என்ன கோரிக்கை என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

மேலே போனால் பாளையம். பல்கலைக்கழகக் கல்லூரி, நுண்கலைக் கல்லூரி எல்லாம் இந்த வட்டாரத்தில்தான். மாணவர் சங்கச் சுவரெழுத்துகள் கட்சிச் சுவரெழுத்தைவிடச் சற்றுத் துணிச்சலாக இருக்கும், பிழையும் கூடுதலாக இருக்கும். வெளியிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வளாகத்துக்குள் போக வேண்டுமென்றால் காவலாளியிடம் அனுமதி கேட்க வேண்டும்.

பிறகு மியூசியம். அந்த வளாகத்து ஓவியக்கூடத்தில் ரவிவர்மாவின் ஓவியங்களைப் பார்க்க நேரம் இருந்தால் பாருங்கள். தெரு ஓவியத்துக்கு அது சம்பந்தமில்லாதது போலத் தோன்றும். ஆனால் நம் காலண்டரிலிருந்து சுவர் விளம்பரம் வரை வந்திருக்கிற லட்சுமிகளும் சரஸ்வதிகளும் யார் முகத்தைக் கொண்டவர்கள் என்று அங்கே தெரிந்துவிடும். கடைசியில் வெள்ளயம்பலத்தை ஒட்டிய மானவீயம் வீதி, மலையாளக் கவிஞர் வயலார் ராமவர்மாவின் சிலை இருக்கிற இடம். சிறிய தெருதான். பாட்டு, நாடகம், சுவர்ப்படம் என்று நகரத்து இளைஞர்கள் தங்களுக்கென்று வைத்துக்கொண்ட தெரு. மாலையில் போனால் சுவரோடு ஆட்களையும் சேர்த்துப் பார்க்கலாம். மொத்தம் நான்கைந்து கிலோமீட்டர் நடை. கால் வலித்தால் பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை.

கேட்பது, படம் எடுப்பது

சுவருக்குப் பக்கத்தில் வீடு இருந்தால் முதலில் வீட்டுக்காரரைப் பாருங்கள், பிறகு சுவரைப் பாருங்கள். “சேட்டா, இது யார் வரைந்தது?” என்று அந்தப் பக்கத்திலும், “அண்ணே, இந்தச் சுவர் எந்த வருஷம் எழுதியது?” என்று இந்தப் பக்கத்திலும் கேட்டால், பத்தில் எட்டுப் பேர் கதையோடு பதில் சொல்வார்கள். பெண்களிடம் சேச்சி, அக்கா. எழுதிக்கொண்டிருக்கிறவரிடம் மட்டும் நீளமான வளைவின் நடுவில் பேச்சுக் கொடுக்காதீர்கள். தூரிகையை டப்பாவில் வைக்கும் வரை பொறுத்திருங்கள். ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் வண்ணப்பொடியில் பசை எவ்வளவு சேர்ப்பது என்பது வரை சொல்லிவிடுவார்.

படம் எடுக்கும்போது நேரே நின்று ஒன்று, சுவர் இருக்கிற தெருவோடு சேர்த்து ஒன்று, அருகில் போய் ஒன்று. பலர் முதலாவதோடு நிறுத்திவிடுகிறார்கள், பிறகு அந்தச் சுவர் எங்கே இருந்தது என்று அவர்களுக்கே தெரிவதில்லை. இடமும் தேதியும் குறித்து வையுங்கள். கரமனையிலிருந்து களியக்காவிளைப் பக்கமாகச் சாலையை அகலப்படுத்தும் பணியில் ஓரத்து மதில்கள் பல இடிபட்டன. அவற்றில் என்ன இருந்தது என்று இனி யாருடைய செல்பேசியிலாவது இருந்தால்தான் உண்டு. ஓவியத்தைப் பகிரும்போது மூலையில் பெயர் இருந்தால் அதை வெட்டிவிடாதீர்கள். முன்னால் விளையாடுகிற குழந்தைகளின் முகத்தைப் பெற்றோரைக் கேட்காமல் போடாதீர்கள்.

உங்களுக்கே கை அரித்தால், வீட்டு மதிலின் உள்பக்கம் போதும். பழைய சுண்ணாம்பைச் சுரண்டி, இரண்டு தடவை வெள்ளையடித்து, நன்றாகக் காயவிடுங்கள். ஈரமாக இருக்கும்போது எழுதினால் வண்ணம் ஊறிப் பரவும். நீலம் தோய்த்த நூலால் கோடு போட்டு, இரண்டு அங்குலத் தட்டைத் தூரிகையால் உங்கள் பெயரை ஓரடி உயரத்தில் எழுதிப் பாருங்கள். துலா மழை முழுக்க ஓய்ந்த பிறகு தொடங்குங்கள். வெளிப்பக்கம் எழுத வேண்டுமென்றால், பக்கத்து வீட்டிலும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், ஊராட்சி அலுவலகத்திலும் கேட்டுவிடுங்கள், தேர்தல் அறிவித்துவிட்டார்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.